தாது போன வழி

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், அதன் தென்மேற்கு மூலையில், இமோஜீன் என்றொரு கணவாய் இருக்கிறது. உயரம் 13,114 அடி. கோடையில் யூரே என்ற சிற்றூரில் காலை ஜீப் ஏறினால், அந்தக் கணவாயைக் கடந்து மறுபக்கம் டெல்லுரைடு என்ற ஊரில் இறங்கலாம். மரங்கள் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்குமேல் மொட்டைப் பாறையும் பனித்திட்டுகளும்தான். ஒரு சக்கரம் நழுவினால் பல நூறு அடிப் பள்ளம். உச்சியில் ஊர் இல்லை, வயல் இல்லை, வழிபாட்டுக்கு ஓர் இடம்கூட இல்லை. அப்படிப்பட்ட இடத்துக்கு யார், எதற்காகச் சாலை போட்டார்கள்?

கணவாய்க்கு இந்தப் பக்கம் கேம்ப் பேர்டு சுரங்கம். அந்தப் பக்கம் டாம்பாய் சுரங்கம். விடை அவ்வளவுதான். சான் ஹுவான் மலைத்தொடரில் இன்று சுற்றுலா வண்டிகள் ஓடும் ஏறத்தாழ எல்லாப் பாதைகளுக்கும் இதே விடைதான். அழகைப் பார்ப்பதற்கென்று அங்கே யாரும் மலையைக் குடையவில்லை. தாது கிடந்த இடத்துக்குப் பாதை போனது. தாது தீர்ந்தபின் பாதையும் பார்வையும் மிஞ்சின. அதனால் வழிகாட்டி ஒருவரோடு இந்த மலைகளில் ஒருநாள் சுற்றிவருகிறவர், மலையின் போக்கில் போகவில்லை. நூற்றிருபது, நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய சுரங்க முதலாளிகளின் தேவை எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் போகிறார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அந்த வழியில் எது காட்டப்படுகிறது, எது கடந்துபோகிறது என்பது புலப்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கல்லிலிருந்து தொடங்கவேண்டும். ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் எரிமலைகளின் நாடு. பெரிய வெடிப்புகளில் அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேற, மேல்தளம் உள்வாங்கிப் பிரம்மாண்டமான வட்டக் குழிகள் உண்டாயின. சில்வர்ட்டன் என்ற ஊர் அப்படியொரு குழியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த வட்டத்தின் விளிம்பெங்கும் பாறை விரிசல் விட்டது. பின்னர் லட்சக்கணக்கான ஆண்டுகள் அந்த விரிசல்களில் வெந்நீர் ஏறி, கூடவே தங்கம், வெள்ளி, ஈயம், துத்தநாகம், செம்பு ஆகியவற்றைக் கொண்டுவந்து படியவைத்தது. பாறை பலவீனமாக இருந்த அதே விளிம்பை ஆறுகளும் அரித்துக்கொண்டு ஓடின. அனிமாஸ் ஆறும் மினரல் ஓடையும் வளைந்துபோகும் போக்கை வரைபடத்தில் பார்த்தால் அந்தப் பழைய எரிமலை வட்டத்தின் கோடு தெரியும். ஆற்றை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டிச் சுரங்கம். வண்டியில் போகிறவர் தமக்குத் தெரியாமலேயே ஓர் எரிமலை வாயின் விளிம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

இந்த நிலம் யூட் பழங்குடியினருடையது. 1868இல் அமெரிக்க அரசு அவர்களோடு செய்த ஒப்பந்தம், கொலராடோவின் மேற்குப் பகுதியில் பெரும்பரப்பை அவர்களுக்கென்று ஒதுக்கியது. இரண்டே ஆண்டுகளில் தங்கம் தேடுவோர் உள்ளே நுழைந்துவிட்டார்கள். அவர்களை வெளியேற்றுவதைவிட ஒப்பந்தத்தைத் திருத்துவது அரசுக்கு எளிதாக இருந்தது. 1873இல் கையெழுத்தான புரூனோ உடன்படிக்கையின்படி ஏறத்தாழ 37 லட்சம் ஏக்கர் மலைநிலம் யூட் மக்களின் கையைவிட்டுப் போயிற்று. பதிலுக்கு ஆண்டுக்கு 25,000 டாலர். அவர்கள் தலைவர் யூரேவுக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலர் சம்பளம் என்று அந்த உடன்படிக்கையே எழுதிவைத்தது. அவர் பெயரில்தான் இன்றைய யூரே ஊர் இருக்கிறது. அவர் 1880இல் இறந்தார். மறு ஆண்டு அவருடைய மக்கள் ராணுவக் காவலோடு யூட்டாவுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு மனிதரின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டு அவர் இனத்தை ஊரைவிட்டு அனுப்பிய கதை அது. பயணம் புறப்படும் இடமே இந்த ஊர் என்பதால், வழிகாட்டி முதல் வாக்கியத்தில் சொல்லவேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து.

1873 உடன்படிக்கைப் பேச்சில் பங்கெடுத்த ஒருவரே பிறகு அந்த நிலத்தில் சாலை போட்டார். ஓட்டோ மியர்ஸ். ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து அமெரிக்கா வந்தவர். யூட் மொழி பேசத் தெரிந்தவர். ஏறத்தாழ 450 மைல் நீளத்துக்குச் சுங்கச் சாலைகளை அமைத்தார். யூரேவிலிருந்து செங்குத்தான பாறையை வெட்டி அவர் 1883இல் போட்ட பாதைதான், 1920களில் அகலப்படுத்தப்பட்டு, ‘மில்லியன் டாலர் நெடுஞ்சாலை’யின் ஒரு பகுதியானது. யூரேவுக்கும் சில்வர்ட்டனுக்கும் இடையே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நடுவில் 11,018 அடி உயரத்தில் சிவப்பு மலைக் கணவாய். பல இடங்களில் ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. குளிர்காலத்தில் பனி தள்ளும் வண்டி பனியைப் பள்ளத்தில்தான் தள்ளியாகவேண்டும். சுவர் இருந்தால் முடியாது. அந்த வண்டிகளை ஓட்டி, பனிச்சரிவில் சிக்கி இறந்தவர்களுக்குச் சாலையோரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் பெயர்களுக்காக வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தும் வழிகாட்டி நல்ல வழிகாட்டி.

நெடுஞ்சாலைக்கு ‘மில்லியன் டாலர்’ என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள்: சாலைக்கு ஆன செலவு, சாலையில் கொட்டிய கல்லில் கலந்திருந்த தங்கம், காட்சியின் மதிப்பு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எதற்கும் உறுதியான சான்று கிடையாது.

1882 ஜூலையில் டுராங்கோவிலிருந்து 45 மைல் தொலைவுக்குக் குறுகிய தண்டவாளம் சில்வர்ட்டனை எட்டியது. தண்டவாளங்களுக்கு நடுவே மூன்றே அடி அகலம். மலை வளைவுகளில் அகலப்பாதை திரும்பாது. இன்றும் நீராவி ரயில் அந்த வழியில் பயணிகளை ஏற்றிவருகிறது. ஆனால் ரயில் பள்ளத்தாக்கு வரைக்கும்தான். சுரங்க வாயோ அதற்கு வெகு மேலே, பாறைச் சரிவின் நடுவில் இருக்கும். அந்த இடைவெளியைக் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் நிரப்பின. மேலே போகும்போது மாவு, வெடிமருந்து, அடுப்பு, தண்டவாளத் துண்டு. இறங்கும்போது தாது மூட்டை. பின்னர் கம்பிவடம் வந்தது. கோபுரம் கோபுரமாக நட்டு இழுத்த கம்பியில் இரும்புத் தொட்டிகள் தாதுவோடு கீழே இறங்க, அந்தக் கனமே காலித் தொட்டிகளை மேலே இழுத்தது. வேலையாட்களும் அந்தத் தொட்டியில் குந்திக்கொண்டுதான் போய்வந்தார்கள். சில்வர்ட்டனுக்கு வெளியே உள்ள மேஃப்ளவர் ஆலையில் இந்த அமைப்பை இன்றும் காணலாம். 1929இல் எழுந்து 1991வரை ஓடிய ஆலை. இப்போது மாவட்ட வரலாற்றுச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. மலையில் தனித்து நிற்கும் மரக்கோபுரங்களுக்கு அர்த்தம் அந்த ஆலைக்குள் நின்றால்தான் விளங்கும்.

சில்வர்ட்டனிலிருந்து ஆற்றோடு வடக்கே ஏறினால் அனிமாஸ் ஃபோர்க்ஸ். 11,000 அடிக்கும் மேலே, கைவிடப்பட்ட ஊர். 1870களில் உருவான அந்த ஊரில் 1883 வாக்கில் கோடைக்காலத்தில் சுமார் 450 பேர் வாழ்ந்தார்கள். குளிர் தொடங்கும்போது பெரும்பாலோர் ஊரைப் பூட்டிவிட்டுச் சில்வர்ட்டனுக்கு இறங்கிவிடுவார்கள். 1904இல் பெரிய ஆலையொன்று வந்தது. 1910இல் அது நின்றது. 1920களில் ஊரில் ஆளே இல்லை. சில மரவீடுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றில் ஒரு வீட்டில் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகலச் சன்னல். நகரத்துப் பணக்கார வீட்டுக்கு வைப்பது போன்ற சன்னல் அது. வருடத்தில் பாதி பனியில் புதையும் ஊரில் அதைக் கட்டியவர், அங்கே நெடுநாள் இருக்கப்போவதாக நம்பியிருக்கவேண்டும். அந்தச் சன்னலைப் பார்க்கும்போது மற்ற எல்லாப் புள்ளிவிவரமும் எனக்குச் சிறியதாகிவிடுகிறது.

நம்பிக்கை உடைந்த ஆண்டு 1893. அதுவரை அமெரிக்க அரசு சட்டப்படி மாதந்தோறும் வெள்ளி வாங்கிவந்தது. அந்தச் சட்டம் ரத்தானதும் வெள்ளி விலை விழுந்தது. வெள்ளியை நம்பிய ஊர்கள் சுருண்டன. தப்பியவை தங்கம் வைத்திருந்தவை. அயர்லாந்திலிருந்து வந்த தாமஸ் வால்ஷ், வெள்ளிக்காரர்கள் வேண்டாமென்று விட்டுவைத்த இடங்களில் தங்கம் இருக்கிறதா என்று சோதித்து, 1896இல் கேம்ப் பேர்டு சுரங்கத்தைக் கண்டடைந்தார். 1902இல் அதை ஓர் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றபோது விலை 50 லட்சம் டாலருக்கும் மேல். அவர் மகள் எவலின் திருமணமாகிப் போன பின் 1911இல் கணவரோடு சேர்ந்து வாங்கியதுதான் ஹோப் வைரம். அந்த வைரம் கிருஷ்ணா ஆற்றங்கரையிலுள்ள கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்ததாகக் கருதப்படுகிறது. ஒரு கண்டத்துச் சுரங்கக் கூலிகள் தோண்டியதை இன்னொரு கண்டத்துச் சுரங்கச் செல்வம் வாங்கியது. இரண்டு இடத்திலும் தோண்டியவர்கள் பெயர் எழுதப்படவில்லை.

சுரங்கத்துக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்கு நெருக்கமான கதை. கொதிகலனுக்கு மரம் வெட்டி வெட்டி மலைச்சரிவு மொட்டையானது. கழுதை முதுகில் நிலக்கரி ஏற்றினால் கட்டுபடியாகவில்லை. டெல்லுரைடு அருகே ஒரு தங்க ஆலையின் நிர்வாகத்தை ஏற்ற எல். எல். நன் என்ற வழக்கறிஞர், 1891இல் ஏம்ஸ் என்ற இடத்தில் ஆற்றுத்தண்ணீரில் மாற்று மின்னோட்டம் எடுத்து, 4 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து ஆலையை ஓட்டினார். தொழிற்சாலை ஒன்றை இயக்க மாற்று மின்னோட்டத்தைத் தொலைவுக்கு அனுப்பிய முதல் முயற்சிகளில் அது ஒன்று. பதினொரு ஆண்டு கழித்து, 1902இல், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. ஊர்களில் விளக்கெரிவதற்கு முன்பே சுரங்கத்தில் எந்திரம் சுழன்றது, அங்கேயும் இங்கேயும். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து கிளம்பிய சுரங்கத் தொழிலாளர் கொலராடோவுக்கும் போனார்கள், கோலாருக்கும் வந்தார்கள். கோலாரில் அவர்களுக்குக் கீழே இறங்கித் தோண்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். தங்கவயலின் சயனைடு மேடுகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் சான் ஹுவானின் சாம்பல்நிறக் கழிவுமேடுகளைப் பார்த்தால், யாரும் விளக்கிச் சொல்லாமலே அவை என்னவென்று அறிவார்.

இமோஜீன் கணவாய்க்குத் திரும்புகிறேன். உச்சியை ஒட்டிக் கல்லடுக்கிய சிறு காவலரண் ஒன்று இருக்கிறது. பெயர் ஃபோர்ட் பீபாடி. வெளிநாட்டுப் படையை எதிர்த்துக் கட்டியதன்று. 1904இல் கொலராடோ மாநிலப் படை அதைக் கட்டியது, சொந்த மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளர்கள் ஊர் திரும்பாமல் தடுப்பதற்காக. டெல்லுரைடில் மேற்கத்திய சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு நடத்திய வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கை, ஆலைத் தொழிலாளருக்கும் எட்டு மணி நேர வேலை என்பது. அதற்கு வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்துக்கு 1902 தேர்தலிலேயே கொலராடோ வாக்காளர்கள் ஒப்புதல் தந்திருந்தார்கள். சட்டமன்றம் சட்டம் இயற்றவில்லை. தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். ஆளுநர் ஜேம்ஸ் பீபாடி 1904 ஜனவரியில் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஸ்மக்லர்-யூனியன் சுரங்கத்தின் மேலாளர் பல்க்லி வெல்ஸே உள்ளூர்ப் படைக்குத் தலைமை தாங்கினார்; முதலாளியும் காவல்படையும் ஒரே ஆள். சங்கத்தாரைப் பிடித்து ரயிலேற்றி ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். அவர்கள் யூரேவிலிருந்து மலையேறித் திரும்பிவிடக்கூடும் என்று, பதிமூன்றாயிரம் அடி உயரத்தில், குளிரில், துப்பாக்கியோடு காவல் போட்டார்கள்.

முழுநாள் ஜீப் பயணம் என்றால் ஏறத்தாழ எட்டு மணி நேரம். எந்த எட்டு மணி நேரத்துக்காக அந்தக் கணவாயில் துப்பாக்கி நின்றதோ, அந்த அளவு நேரத்தில் இன்று மலையை ஏறி இறங்கிவிடுகிறோம். காற்று கனமாக அடிக்கும் உச்சியில் வண்டி சில நிமிடமே நிற்கும்; பிற்பகலில் மின்னல் இறங்கும் மலை என்பதால் அதற்குமேல் நிற்பதும் ஆபத்து. அந்தச் சில நிமிடத்தில் படம் எடுப்பதா, அந்தக் கல்லடுக்கைப் போய்த் தொட்டுப் பார்ப்பதா? என்னைக் கேட்டால் கல்லடுக்கு.

மலை தன் பங்குக்குக் கொன்றது. 1902 பிப்ரவரி 28 அன்று டெல்லுரைடுக்கு மேலே லிபர்ட்டி பெல் சுரங்கக் குடியிருப்பின் மீது பனி சரிந்தது. தேடப் போனவர்கள் மீது இரண்டாவது முறையும், உடல்களோடு திரும்பியவர்கள் மீது மூன்றாவது முறையும் சரிந்தது. சில்வர்ட்டனில் 1918 நச்சுக்காய்ச்சல் ஏறத்தாழ பத்தில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. பலர் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். ஏற்கெனவே தூசு தின்ற நுரையீரல்கள் அவை. அழுத்தக்காற்றில் ஓடும் துளைப்பான் வந்தபோது வேலை விரைவானது, பாறைத்தூளும் பெருகியது. அதைத் தொழிலாளர்கள் ‘விதவையாக்கி’ என்றுதான் அழைத்தார்கள். துளைக்குள் தண்ணீர் பாய்ச்சும் வகை பிற்பாடு வந்தது. சில்வர்ட்டன் அருகே ‘ஓல்டு ஹண்ட்ரட்’ சுரங்கத்துக்குள் சிறுரயிலில் பயணிகளை அழைத்துப்போய்ப் பழைய எந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தம் குகைக்குள் நெஞ்சில் வந்து மோதும். ஓரிரு நிமிடத்துச் சத்தத்தைக் கேட்டபின், அதை நாள் முழுக்க, ஆண்டுக்கணக்கில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் தூசோடு வாங்கியவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. சுரங்கத்துக்குள் இறங்கும் பயணத்தைச் சிலர் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேலே எல்லாம் காட்சி. உழைப்பு கீழேதான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும்: 1902இல் சில்வர்ட்டனில் வாழ்ந்த சீனர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். எட்டு மணி நேரம் கேட்டுப் போராடிய அதே காலத்து வெள்ளைத் தொழிலாளர் உலகம் இதையும் செய்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது வரலாறாகாது.

இனித் தண்ணீர். சுரங்கம் மலைக்குள் காற்றையும் நீரையும் அழைத்துப்போகிறது. அங்கே இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இவ்விரண்டையும் சந்திக்கும்போது கந்தக அமிலம் பிறக்கிறது. அமிலம் பாறையிலிருந்து துத்தநாகம், காட்மியம், செம்பு ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு வெளியே வழிகிறது. வெளிக்காற்றில் இரும்பு மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கல்லில் படிகிறது. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: சிவப்பு மலைகளின் நிறமும் சில ஓடைகளின் புளிப்பும் மனிதர் வருவதற்கு முன்பே இருந்தவை. இயற்கை சிறுகச் சிறுகச் செய்ததை ஆயிரக்கணக்கான துளைகள் போட்டுப் பெருக்கியதுதான் சுரங்கம்.

1978 ஜூன் 4. சில்வர்ட்டனுக்கு மேலே எம்மா ஏரியின் அடித்தளம் சன்னிசைடு சுரங்கத்துக்குள் இடிந்து விழுந்தது. ஏரி முழுவதும் சுரங்கத்துக்குள் பாய்ந்து, பல நூறு அடி கீழே வேறொரு வாய் வழியாக வெளியேறியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உள்ளே யாரும் இல்லை. ஊரார் அதை மலைச்சரிவில் 1959இல் எழுப்பிய கிறிஸ்து சிலையின் காவல் என்றார்கள். 1991இல் சன்னிசைடு மூடியது. அந்த வட்டாரத்தின் கடைசிப் பெரிய சுரங்கம் அதுதான். 1996 தொடங்கி அதன் வடிகால் குகையைக் காங்கிரீட் அடைப்புகளால் மூடினார்கள். மலைக்குள் நீர்மட்டம் ஏறியது. அருகிலிருந்த பழைய சுரங்கங்களில் கசிவு கூடியது. 2015 ஆகஸ்ட் 5 அன்று, கோல்டு கிங் சுரங்கத்தின் வாயில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்பந்தப் பணியாளர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோது, தேங்கிய நீர் பிய்த்துக்கொண்டு வந்தது. 30 லட்சம் காலன், ஒரு கோடி லிட்டருக்கும் மேல். அனிமாஸ் ஆறு ஆரஞ்சு நிறமானது. அது சான் ஹுவான் ஆற்றில் கலந்து நவஹோ பழங்குடி மக்களின் வயல்களுக்குப் போகும் தண்ணீர். கோடை நடுவில் அவர்கள் பாசன மடைகளை அடைக்கவேண்டியதாயிற்று. அனிமாஸ் என்ற ஸ்பானியச் சொல்லுக்கு ஆன்மாக்கள் என்று பொருள்.

சில்வர்ட்டனில் பலர் நெடுங்காலம் மத்திய அரசின் தீவிரத் தூய்மைத் திட்டப் பட்டியலில் தங்கள் பகுதி சேர்வதை எதிர்த்துவந்தார்கள். நச்சு ஊர் என்ற பெயர் வந்தால் பயணிகள் வரமாட்டார்களே என்ற பயமும் அதற்கொரு காரணம். அந்த அச்சத்தை இகழ எனக்கு மனம் வரவில்லை. 2020 கணக்கெடுப்பில் 622 பேர் இருந்த ஊர். சுரங்கம் போனபின் கோடைச் சுற்றுலாதான் சோறு. 2015க்குப் பிறகு ஊர் மனம் மாறியது. 2016 செப்டம்பரில் போனிட்டா பீக் சுரங்க வட்டாரம் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கிளாட்ஸ்டன் என்ற மறைந்துபோன ஊரிருந்த இடத்தில் இப்போது ஒரு சுத்திகரிப்பு நிலையம், கோல்டு கிங் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து உலோகத்தைப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறது. சுற்றுலா வண்டிகள் போகும் வழியில்தான் அது இருக்கிறது. அங்கே நிறுத்தி, ஓடைக்கல்லின் நிறத்தைக் காட்டிப் பேசும் ஒரு கால்மணி நேரம், ஒரு நாள் பயணத்தின் மற்ற எந்தக் கால்மணி நேரத்துக்கும் குறைந்ததன்று. தங்கம் எங்கே போனது என்று தெரியவில்லை என்பார்கள். செலவு எங்கே இருக்கிறதென்று இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

வழிகாட்டியோடு போவது ஏன் மேல் என்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்தப் பாதைகள் பலவும் 1866ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தந்த உரிமையில் பொதுநிலத்தின் குறுக்கே பிறந்தவை. 1872 சட்டப்படி சுரங்க உரிமை பெற்றவர்கள் வாங்கிய துண்டுநிலங்கள் இன்றும் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எது பொதுநிலம், எது தனியார் நிலம், எந்தச் சுரங்கவாயின் கூரை இற்றுப்போயிருக்கிறது என்பது வரைபடத்தைவிட ஊராருக்கு நன்றாகத் தெரியும். பாதையைவிட்டு ஒரு சக்கரம் இறங்கினாலும் அந்த உயரத்தின் குறும்புல்லும் பாசியும் மீளப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். சொந்தமாக வண்டி வாடகைக்கு எடுத்து விரைகிறவர்களின் கூட்டம் பெருகி, சத்தமும் புழுதியும் பொறுக்காமல் போனதால், 2021இல் சில்வர்ட்டன் தன் ஊர்த் தெருக்களில் அத்தகைய திறந்த மலைவண்டிகளுக்குத் தடை போட்டது. ஒரு வண்டியில் எட்டுப் பேரும், பேசத் தெரிந்த ஒருவரும் போவது மலைக்கும் நல்லது.

அக்டோபரில் பனி விழும். கணவாய்கள் ஒவ்வொன்றாக மூடும். ஜீப்புகள் கொட்டகைக்குப் போகும். அதன்பிறகும் மலைக்கு வர உரிமையுள்ளவர்கள் உண்டு. 1873 உடன்படிக்கையில் ஒரு பிரிவு இருந்தது: நிலத்தைக் கொடுத்தாலும், வேட்டை விலங்குகள் உள்ளவரை யூட் மக்கள் அங்கே வந்து வேட்டையாடலாம். நூறாண்டுக்கும் மேல் அது காகிதத்தில் கிடந்தது. 2009இல் தெற்கு யூட் பழங்குடியினர் கொலராடோ மாநிலத்தோடு பேசி, அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறையை எழுத்தில் கொண்டுவந்தார்கள். இப்போது அவர்கள் தங்கள் சொந்த அனுமதிச் சீட்டோடு அந்த 37 லட்சம் ஏக்கருக்குள் மான் வேட்டைக்கு வருகிறார்கள்.